டெஸ்டோஸ்டிரோன் 252 என்று ரிப்போர்ட் வந்தால்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 41. உயரம் 170 செ.மீ., எடை 88 கிலோ. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பதால் படுக்க இரவு இரண்டு மணி ஆகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஏழு மணிக்கு எழுந்துவிடுகிறார். எப்போதும் அசதி, எதற்கெடுத்தாலும் எரிச்சல், தாம்பத்தியத்தில் நாட்டமில்லை. முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் ஒன்றில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 252 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. ஊசி மாத்திரை இல்லாமல், சாப்பாட்டாலும் பழக்கவழக்கத்தாலும் இதை ஏற்ற முடியுமா, என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்கிறார்.

முடியும். உங்கள் வயதுக்கும் எடைக்கும் அதற்கு நிறையவே இடம் இருக்கிறது. ஆனால் கேள்வியின் பின்பாதியோடுதான் எனக்குச் சண்டை. சர்க்கரை, தைராய்டு நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் நான். இந்த ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் "எதைச் சேர்த்துக்கட்டும் டாக்டர்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பூசணி விதையா, பேரீச்சையா, முருங்கைப்பூவா? எதையாவது சேர்த்தால் ஏறிவிடுகிற சமாச்சாரமில்லை இது. வயிற்றுக் கொழுப்பு, தூக்கமின்மை, சர்க்கரை என்று உடம்பு எதையோ சுமந்துகொண்டிருப்பதால் உற்பத்தியைத் தானே குறைத்துவைத்திருக்கிறது. சுமை இறங்கினால் பெரும்பாலும் அதுவே ஏறும்.

அதற்கு முன்னால், அந்த 252ஐ நம்பலாமா என்று பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள்? சாப்பிட்டிருந்தீர்களா?

ஒரு நோயாளி. 46 வயது, மூன்று நான்கு லாரி வைத்துத் தொழில் செய்கிறவர். அவருக்கு 238 வந்திருந்தது. வேறொரு இடத்தில் ஊசிக்கே நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். மேல் மூலையில், யாரும் படிக்காத சின்ன எழுத்தில், சாம்பிள் எடுத்த நேரம் 15:34 என்று இருந்தது. "அன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்றேன். பிரியாணி, கூடவே ஒரு கூல் டிரிங்க். வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு வாரம் கழித்து, காலை 7.45க்கு, வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொன்னேன். 371.

காரணம் எளிது. டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில் ஏறி, விடிகாலையில் உச்சத்தில் நின்று, மாலைக்குள் இறங்கிவிடும். இளைஞர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் அதிகம். சாப்பாடும் இறக்கும்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்த ஆண்களிடம் சோதித்தபோது சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைந்தது. காய்ச்சலோ வேறு நோயோ இருக்கிற வாரத்திலும் குறையும். அதனால்தான் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு தடவை குறைவாக வந்தால் மட்டுமே 'குறைவு' என்று எழுத வேண்டும் என்பது விதி. மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் இந்த விதியை யாரும் பார்ப்பதில்லை. சாயங்காலம் போனாலும் எடுத்துக்கொள்வார்கள்.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருமன் இல்லாத, 19 முதல் 39 வயது வரையிலான ஆண்களை வைத்து 2017இல் வகுத்த அளவு டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை. அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் 300க்குக் கீழே போனால் குறைவு என்கிறது. சில லேபில் நானோமோல் கணக்கில் 8.7 என்று வரும்; பயந்துவிடாதீர்கள், 28.8ஆல் பெருக்கினால் அது உங்கள் 252தான்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஹார்மோன் ரத்தத்தில் தனியாக நடந்துபோவதில்லை. பெரும்பகுதி எஸ்எச்பிஜி, ஆல்புமின் என்ற இரண்டு புரதங்களின் தோளில் உட்கார்ந்துதான் போகிறது. தனியாக இறங்கி நடப்பது சுமார் 2 சதவீதம். தொப்பையும் இன்சுலினும் கூடினால் கல்லீரல் எஸ்எச்பிஜியைக் குறைத்துவிடும். தூக்கிப்போகிற ஆள் குறைந்ததால் மொத்தக் கணக்கு குறைவாகத் தெரியும். நடந்துபோகிற அந்த 2 சதவீதம் சரியாகவே இருக்கலாம். உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 30ஐத் தாண்டுகிறது, நம் ஊர்க்காரர்களுக்கு 25லேயே பருமன் என்று எழுதுகிறோம். ஆகவே அடுத்த முறை எஸ்எச்பிஜியும் சேர்த்துப் பாருங்கள். அதை வைத்து, தனியாக நடந்துபோகிற அந்த 'ஃப்ரீ' அளவைக் கணக்குப் போட்டுவிடலாம்.

அப்புறம் அறிகுறி. அசதியும் எரிச்சலும் ஐந்து மணி நேரம் தூங்குகிற யாருக்கும் வரும். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாமே இதே முகத்தோடுதான் வரும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2010இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு உண்மையாகவே கைகோத்துப் போன அறிகுறிகள் மூன்றுதான்: காலையில் தானாக வருகிற விறைப்பு குறைவது, ஆசை குறைவது, உறவின்போது விறைப்பு நிற்காதது. இந்த மூன்றும் இருந்து, ரத்தத்திலும் குறைவாக இருந்தவர்கள் 2.1 சதவீதம் பேர். விளம்பரங்களைப் பார்த்தால் நாற்பது தாண்டிய ஆண் எல்லோருக்கும் இருக்கிற மாதிரி தோன்றும்.

விறைப்புக் கோளாறு மட்டும் இருக்கிறவர்களுக்கு இங்கேயே தனியாகச் சொல்லிவிடுகிறேன், முக்கியமான விஷயம். ஆசை இருக்கிறது, ஆனால் முடியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தக்குழாயை; ஹார்மோன் அதற்கு அடுத்துதான். ஆணுறுப்புக்குப் போகிற குழாய் 1, 2 மி.மீ. அகலம். இதயத்துக்குப் போவது 3, 4 மி.மீ. ஒரே அடைப்பு இரண்டிலும் படிந்தாலும் சின்னதில்தான் முதலில் தெரியும். மாரடைப்புக்கு இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே வருகிற எச்சரிக்கை அது. அப்படிப்பட்டவர் டெஸ்டோஸ்டிரோனுக்கு விதை தின்றுகொண்டிருப்பதைவிட, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.

சரி, உங்கள் எண் உண்மையிலேயே குறைவுதான் என்று வைத்துக்கொள்வோம். ஏன் குறைந்தது?

விரையில் லெய்டிக் செல்கள் என்று இருக்கின்றன, உற்பத்தி அங்கே. ஆர்டர் கொடுப்பது மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி. எல்எச் என்ற ஹார்மோன் மூலமாக. பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்கிற மூளைப்பகுதி உட்கார்ந்து விட்டுவிட்டுத் துடிப்பாகச் சைகை கொடுக்கும். நடுவயதில் தொப்பையோடு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் விரையில் கோளாறு இருக்காது. மேலிருந்து வருகிற ஆர்டர்தான் தளர்ந்திருக்கும். வயிற்றுக் கொழுப்பில் அரோமட்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. இருக்கிற டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கொழுப்பிலிருந்து கசிகிற அழற்சிப் பொருள்களும் இன்சுலின் எதிர்ப்பும் ஹைப்போதலாமஸை மந்தமாக்கும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை குறைந்து தொப்பை இன்னும் ஏறும். வட்டிக்கு வட்டி ஏறுகிற கணக்கு. இரண்டாம் வகை சர்க்கரை இருக்கிற ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பது இதனால்தான்.

இந்த வட்டத்தை எங்கே வெட்டுவது? எடையில். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2013இல் வந்தது. உணவுக் கட்டுப்பாட்டால் சுமார் பத்து சதவீதம் எடை குறைத்தவர்களுக்குச் சராசரியாக 80 சொச்சம் நானோகிராம் ஏறியிருக்கிறது. பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்து முப்பது சதவீதம் குறைத்தவர்களுக்கு 250 வரை. உங்களுக்குப் பத்து சதவீதம் என்றால் ஒன்பது கிலோ. 252இல் 80ஐக் கூட்டிப் பாருங்கள், 300ஐத் தாண்டிவிடுகிறது. இது சராசரிதான், உங்களுக்கு இப்படியே வரும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனால் இந்த அளவுக்கு ஏற்றிக் காட்டுகிற ஒரு விதை, ஒரு கீரை, ஒரு லேகியத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

எடை குறைக்க என்ன சாப்பிடுவது? வெளிநாட்டு டயட் சார்ட் எதுவும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுத் தட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் மலை மாதிரி சோறு, அதன் மேல் சாம்பார், ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பொரியல். என் நோயாளிகளிடம் சொல்வது ஒன்றுதான்: இடத்தை மாற்றிப் போடுங்கள். பொரியல் இருக்கிற அளவுக்குச் சோறு, சோறு இருக்கிற அளவுக்குக் காயும் பருப்பும் மீனும் முட்டையும். முதல் வாரம் வீட்டில் சண்டை வரும். "இது என்ன சாப்பாடு, நோயாளி சாப்பாடு மாதிரி" என்று அம்மா சொல்வார். மூன்றாவது வாரம் பழகிவிடும்.

புரதம் நம் தட்டில் எப்போதுமே குறைவு. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு நாளுக்கு எண்பத்தெட்டு கிராம் வேண்டும். 100 கிராம் சாதத்தில் இரண்டரை கிராம்தான் இருக்கிறது. ஒரு முட்டையில் ஆறு. நூறு கிராம் சுண்டலில் எட்டு ஒன்பது. ஒரு நாள் சாப்பிட்டதை எழுதிக் கூட்டிப் பாருங்கள், பலருக்கு அந்த அளவு வராது. காலையில் இரண்டு முட்டை, மதியம் மத்தியோ கோழியோ, சைவம் என்றால் கெட்டிப்பருப்பும் தயிரும் பனீரும், மாலையில் பஜ்ஜி இருந்த இடத்தில் சுண்டல். இவ்வளவுதான். மத்தி மலிவான மீன், மணக்கும் என்று ஒதுக்காதீர்கள்.

சோயா சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று சொல்வார்கள். மீல்மேக்கர் குழம்பைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற இளைஞர்கள் உண்டு. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சோயா ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கவில்லை. தாராளமாகச் சாப்பிடலாம்.

டீயைக் கவனியுங்கள். நாளுக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாற்பது ஐம்பது கிராம் வெறும் சர்க்கரை உள்ளே போகிறது. இரவு வேலைக்காரர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது: பதினொரு மணிக்கு ஆப்பில் வரவழைக்கிற பரோட்டா. கடைசிச் சாப்பாட்டை எட்டரைக்கு முடித்துவிட்டு, நடுவில் பசித்தால் மோரோ நிலக்கடலையோ என்று வைத்துக்கொண்டாலே முதல் இரண்டு கிலோ போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. ஆர்வக்கோளாறில் பட்டினி கிடக்காதீர்கள். உணவு மிகவும் குறைந்தால் 'இது பஞ்சகாலம், இனப்பெருக்கத்துக்கு நேரமில்லை' என்று உடம்பு டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்தே இறக்கும். இரண்டாம் உலகப்போரின் கடைசியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் இழந்தவற்றில் காம ஆசையும் ஒன்று. கொழுப்பே இல்லாத சாப்பாடும் நல்லதில்லை. கொழுப்பை மிகவும் குறைத்த ஆண்களுக்குக் கொஞ்சம் இறங்குகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் அளவாக இருக்கட்டும். மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்தால் போதும்.

அடுத்தது தூக்கம். உங்கள் விஷயத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நல்ல ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். 2011இல் வெளியான முடிவு: பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. ஒரே வாரத்தில். சாதாரணமாக வயது ஏறினால் வருடத்துக்கு ஒரு சதவீதம் குறையும் என்பார்கள். அப்படியானால் ஒரு வாரம் தூக்கம் குறைந்ததிலேயே பத்துப் பதினைந்து வயது கூடிய கணக்கு. நீங்கள் இதை எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள்?

வேலையை விடு என்று சொல்வது சுலபம், அது என் வாயிலிருந்து வராது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் எட்டரைக்குத் திரும்பப் படுத்து இரண்டு மணி நேரம் தூங்க முடியுமா என்று பாருங்கள். அறை இருட்டாக இருக்க வேண்டும், போன் வேறு அறையில். அல்லது வாரத்தில் மூன்று நாள் பள்ளி வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். எப்படியாவது இருபத்து நான்கு மணி நேரத்தில் ஏழு மணி நேரம் தேற்றுங்கள். குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதாக மனைவி சொன்னால் அது ஸ்லீப் ஆப்னியா. அதற்கு ஒரு இரவு தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். அதைச் சரிசெய்தால் டெஸ்டோஸ்டிரோன் ஏறும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அசதி போகும், ரத்த அழுத்தம் இறங்கும்.

உடற்பயிற்சியில் ஒரு பொய்யை உடைக்க வேண்டும். 'லெக் டே போட்டா டெஸ்டோஸ்டிரோன் பிச்சிக்கும்' என்று ஜிம்மில் சொல்வார்கள். ஏறுவது உண்மை, ஒரு மணி நேரத்துக்குள் பழைய இடத்துக்கே வந்துவிடுவதும் உண்மை. மாதக்கணக்கில் எடை தூக்கினாலும் அடிப்படை அளவு பெரிதாக மாறுவதில்லை. பிறகு எதற்குச் செய்வது? தசை கூடினால் சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும், இன்சுலின் இறங்கும், தொப்பை கரையும். அந்தச் சுற்றுவழியில்தான் ஹார்மோனுக்கு லாபம். வாரம் மூன்று நாள் தண்டால், பஸ்கி, ஒரு ஜோடி டம்பெல்ஸ், இவ்வளவு போதும். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் மொட்டைமாடியில் நடங்கள். மாரத்தான் வெறி பிடித்து வாரத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு இது குறைவதையும் பார்த்திருக்கிறேன்.

மது. 'வாரத்துக்கு ரெண்டே குவாட்டர் டாக்டர், அளவா' என்பார்கள். ஒரு குவாட்டர் 180 மி.லி., அதில் 42.8 சதவீதம் சாராயம். எடையில் சுமார் அறுபது கிராம். மருத்துவக் கணக்கில் ஒரு அளவு என்பது பத்து கிராம். ஒரே இரவில் ஆறு அளவு. ஆல்கஹால் லெய்டிக் செல்லை நேரடியாகவே தாக்கும்; தூக்கத்தைக் கெடுக்கும்; கூடவே வருகிற சிக்கன் 65 கணக்கு தனி. நாள்பட்ட குடிகாரர்களுக்கு மார்பு பெருப்பதும் விரை சுருங்குவதும் கல்லீரல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கும். சிகரெட் விஷயத்தில் உண்மையைச் சொன்னால் சிலர் சந்தோஷப்படுவார்கள்: புகைப்பவர்களுக்கு ரத்த டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. ஆனால் மேலே சொன்ன 1 மி.மீ. குழாயை அடைப்பதில் அதற்கு நிகர் கிடையாது. எண் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

துத்தநாகம் என்கிற ஜிங்க் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதன் கதை சுவாரசியமானது. பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற டாக்டர் 1950களின் கடைசியில் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தார். 21 வயது ஆண் ஒருவரை அவரிடம் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பத்து வயதுப் பையன் மாதிரி இருந்தார். மீசையில்லை, பிறப்புறுப்பு வளரவில்லை. அந்த ஊர்ப்பக்கம் அப்படிப் பலர் இருந்தார்கள். சாப்பாடு பெரும்பாலும் புளிக்கவைக்காத கோதுமை ரொட்டி, அதோடு மண் தின்கிற பழக்கம். தானியத்தில் இருக்கிற ஃபைட்டேட் துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, உடம்புக்கு விடுவதில்லை. பிரசாத் பிறகு எகிப்தில் இதே மாதிரி ஆட்களை ஆராய்ந்தார். துத்தநாகம் கொடுத்ததும் அவர்கள் வளர்ந்தார்கள், பருவமும் அடைந்தார்கள். மனிதனுக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்று உலகம் ஒப்புக்கொண்டதே இதற்குப் பிறகுதான்.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது இரண்டு. ஒன்று, குறைபாடு இருந்தால் துத்தநாகம் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும். குறைபாடு இல்லாதவர் மாத்திரை தின்றால் ஏறாது, அளவு மீறினால் தாமிரச்சத்துதான் குறையும். இரண்டு, நம் பாட்டிமார் மாவைப் புளிக்கவைத்ததிலும் பயறை முளைகட்டியதிலும் அர்த்தம் இருந்தது. புளித்தால் ஃபைட்டேட் உடைகிறது. அதே அரிசியும் உளுந்தும் இட்லியாக வரும்போது துத்தநாகத்தைக் கொஞ்சம் தாராளமாக விடும். ஆண்களுக்கு நாளுக்கு 17 மி.கி. வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நண்டு, ஆட்டுக்கறி, முட்டை, எள், பூசணி விதையில் நன்றாக இருக்கிறது. எள்ளில் நூறு கிராமுக்கு ஏழெட்டு மி.கி. எள்ளுருண்டை சாப்பிடலாம், வெல்லத்தையும் கணக்கில் வையுங்கள். விட்டமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காக எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஏறும் என்று ஆரம்பத்தில் வந்த ஆய்வைப் பின்னால் வந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை.

முருங்கைக்காய்? நல்ல காய். சிரித்துக்கொண்டே சாப்பிடுங்கள். டெஸ்டோஸ்டிரோனுக்கும் அதற்கும் மனிதர்களிடம் காட்டப்பட்ட சம்பந்தம் எதுவுமில்லை.

அமுக்கிராக் கிழங்கு, அதாவது அஸ்வகந்தா, கொஞ்சம் வேறு. சின்னச் சின்ன ஆய்வுகள் சிலவற்றில் ஓரளவு ஏற்றியிருக்கிறது, மனஅழுத்தத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் சிலருக்குக் கல்லீரல் வீங்கி மஞ்சள்காமாலை வந்ததும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. நெருஞ்சிலை வைத்துச் செய்த ஜிம் மாத்திரைகள் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றுவதாக நல்ல ஆய்வுகள் காட்டவில்லை. இனி, சிட்டுக்குருவி லேகியம், மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டுப் பார்க்கிற வைத்தியர், இந்த வகை. இப்படிப்பட்ட 'மூலிகை' மருந்துகளில் வயாகராவின் மருந்தான சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. வேலை செய்கிறதே என்று தோன்றும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை வைத்திருக்கிறவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். இதே ஆட்கள்தான் சுயஇன்பத்தால் 'சக்தி' வீணாகிவிட்டது என்று பையன்களைப் பயமுறுத்துவதும். விந்து வெளியேறுவதால் டெஸ்டோஸ்டிரோன் குறையாது. இதை எத்தனை தடவை எழுதினாலும் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை; ஆனால் யாராவது சொல்வார்கள், அதனால் எழுதுகிறேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் பிட்யூட்டரி 'சரக்கு இருக்கிறது' என்று ஆர்டரை நிறுத்திவிடும். விரை வேலையை விட்டுவிடும், விந்தணுவும் நின்றுபோகும். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்தது. 1990இல் வந்த முடிவின்படி, வாரம் 200 மி.கி. ஊசி போட்ட ஆண்களில் 65 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு பூஜ்யம். ஜிம் கோச் கொடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டு, கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தையில்லை என்று மனைவியை மட்டும் பரிசோதனைக்குக் கூட்டிவந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கையைப் பார்த்ததுமே புரிந்தது. ஊசியை நிறுத்தி விந்தணு திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சிலருக்கு இன்னும் இழுக்கும். உண்மையாகவே தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல மருந்துதான். ஐயாயிரம் பேருக்கு மேல் சேர்ந்த 2023 ஆய்வில் மாரடைப்பு கூடவில்லை என்று வந்தது. ஆனால் இதயத்துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் சற்றுக் கூடின. யாருக்குத் தேவை என்பதை ரிப்போர்ட்டில் உள்ள ஒற்றை எண் சொல்லாது.

சாப்பாடு, தூக்கம் என்று காத்திருக்கக் கூடாத சிலரும் உண்டு. எண் 150க்குக் கீழே இருந்தால், தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்கினால், மார்பில் வீக்கமோ பால் மாதிரிக் கசிவோ இருந்தால் பால் சுரக்கவைக்கிற ஹார்மோனான புரோலாக்டினும், தேவைப்பட்டால் பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐயும் பார்க்க வேண்டும். விரை சின்னதாக, தாடி மீசை குறைவாக, சிறு வயதில் பொன்னுக்குவீங்கி வந்து விரை வீங்கிய கதை இருந்தால் கோளாறு விரையிலேயே இருக்கலாம். அப்போது எல்எச் ஏறியிருக்கும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை நாள்பட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும். இவற்றைத் தாமாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் பேச வேண்டும்.

உங்களுக்கு வருகிறேன். இப்போதே ஒரு தடவை சரியான முறையில் எடுத்துவிடுங்கள்: டெஸ்டோஸ்டிரோன், எஸ்எச்பிஜி, எல்எச், புரோலாக்டின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை (HbA1c). பிறகு மூன்று மாதம் தூக்கம், தட்டு, தண்டால். இஞ்ச் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள், 90 செ.மீ.க்குக் கீழே வருவதுதான் குறி. எடை மெஷினைவிட அது உண்மை பேசும். காலை விறைப்பு திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள். ஹார்மோன் ஏறுவதை லேபுக்கு முன்னால் அதுவே சொல்லிவிடும்.

மூன்று மாதம் கழித்து அதே லேபில் மறுபடி பாருங்கள். ராத்திரி வேலையை முடித்துவிட்டு, விடியற்காலை லேப் திறந்ததும் நேராகப் போய் நிற்காதீர்கள். உங்கள் உடம்புக்குக் காலை என்பது தூங்கி எழுந்த நேரம்தான். அதற்கு முன் இரண்டு நாள் லீவு போட்டு, நன்றாகத் தூங்கி, எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், டீகூடக் குடிக்காமல் போங்கள்.